போர்வை மேல் என்ன கோலம்? வாசகர் கேள்வி-பதில்

பழைய புடவைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைப்பது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சதுரம் வெட்டியாச்சு, இணைச்சாச்சு, நடுவில் பஞ்சு வைச்சாச்சு, இனி மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த மேல்தையலை, அதாவது குவில்ட்டிங்கை, எந்த டிசைனில் போடுவது? இந்த மாதம் அதற்கான பதில்கள் மட்டும்.

அம்மாவின் பருத்திப் புடவைகளில் 9 அங்குலச் சதுரமாக வெட்டி, 6-க்கு 8 என்று 48 சதுரம் இணைத்துவிட்டேன். நடுவில் கடையில் வாங்கிய பஞ்சு ஷீட், அடியில் காடாத் துணி. மூன்று அடுக்கும் நகராமல் தற்காலிகமாகப் பிடித்துவைக்கிற டேக்கிங்கும் போட்டாயிற்று. படங்களில் வருகிற இறகு, கொடி, பூ எல்லாம் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான்கு மாதமாக பீரோ மேல் மடித்துக் கிடக்கிறது. எந்த டிசைன் போடட்டும், அக்கா?
– வாசகி, மன்னார்குடி

முதலில் பீரோ மேலிருந்து இறக்குங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பஞ்சு நசுங்கிப்போகும்.

டிசைனை மூன்றாவதாகத்தான் யோசிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற பஞ்சை. ஒட்டிப் பதமாக வருகிற பாலியெஸ்டர் ஷீட் என்றால் கோட்டுக்குக் கோடு 4 அங்குலம் வரை விடலாம். பருத்திப் பஞ்சைத் தட்டிப் பரப்பியிருந்தால் 2 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், விட்டால் நாலு துவைப்பில் பஞ்சு ஓடி மூலைக்கு மூலை கொழுக்கட்டை பிடித்துவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: போர்வை மேல் எங்கே உள்ளங்கையை வைத்தாலும் கைக்கு அடியில் ஒரு தையலாவது தட்ட வேண்டும்.

இரண்டாவது, மேல்துணி. அம்மாவின் புடவைகள் என்றால் பூவும் புள்ளியும் கட்டமுமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட துணியில் நீங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து இறகு தைத்தாலும் இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. டிசைன் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் மேல்துணி பிளெயினாக இருக்க வேண்டும். 48 சதுரத்தில் நாலைந்தாவது ஒற்றை நிறமாக இருக்குமே, ஆசைப்பட்ட பூவை அந்த நாலைந்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் நேர்க்கோடு போதும்.

மூலைக்கு மூலை குறுக்குக் கோடு இரண்டு பக்கமும் இழுங்கள். இணைப்புத் தையலின் மூலைகளே அடையாளம் என்பதால் எதையும் வரைய வேண்டியதில்லை. ஆனால் 9 அங்குலச் சதுரத்தில் அப்படி இழுத்தால் கோட்டுக்குக் கோடு 6 அங்குலத்துக்கு மேல் போய்விடும், உள்ளங்கைக் கணக்கில் தேறாது. அதனால் ஒவ்வொரு சதுரத்தின் பக்கத்திலும் நடுப்புள்ளியைக் குறித்து, அந்தப் புள்ளிகள் வழியாக இன்னொரு வரிசை ஓட்டுங்கள். இடைவெளி 3 அங்குலம் சொச்சத்துக்கு வந்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது நான் பட்ட பாடு. என் முதல் போர்வையில் நடுவில் ஆசை ஆசையாக நெருக்கி நெருக்கித் தைத்தேன். ஓரத்துக்கு வரும்போது அலுத்துப்போய் ஏனோதானோவென்று நாலு கோடு போட்டு முடித்தேன். துவைத்துக் கொடியில் போட்டால் நடு சுருங்கி, ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கிறது! நெருக்கமோ அகலமோ, நடுவில் என்ன இடைவெளியோ அதுவேதான் ஓரத்திலும். தையலை நடுவில் ஆரம்பித்து வெளியே கொண்டுபோங்கள். நாலு ஓரத்திலிருந்தும் உள்ளே வந்தால் உபரித் துணி நடுவில் சேர்ந்து புடைத்து நிற்கும்.

சிக்குக் கோலத்தை அப்படியே போர்வையில் தைக்க முடியுமா? மாமியார் சிரிக்கிறார்.
– வாசகி, திருவையாறு

தாராளமாகத் தைக்கலாம், மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத்தான் புள்ளிக் கணக்கு தெரிந்திருக்கும்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நாம் மலைக்கிற விஷயம் ஒன்றுதான், நூலை அறுக்காமல் ஒரே கோடாகப் பக்கம் முழுக்க எப்படி ஓடுகிறார்கள் என்பது. மார்கழி முப்பது நாளும் குனிந்து வாசலில் நாம் செய்வது வேறு என்ன? புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிற கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி போன்றவர்கள் 1970-களிலேயே இதைக் கணக்குப் பாடமாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே கோடு இல்லை. தைப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, நூல் மிச்சம். நேர்ப்புள்ளி வைத்து, நடுவில் எந்த மாற்றமும் செய்யாமல் சாதாரணமாகச் சுற்றுகிற கோலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்) போட்டோமே, அதேதான். 3-க்கு 4 புள்ளி வைத்தால் மீ.பொ.வ. 1, ஒரே கோட்டில் முடியும். 3-க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனிக் கோடுகள். 4-க்கு 6 என்றால் இரண்டு. சந்தேகமாக இருந்தால் நோட்டில் வரைந்து விரலால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

இடைவெளிக்கும் வழி இருக்கிறது. புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால், கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய 2 அங்குலம் வரும், எந்தப் பஞ்சுக்கும் அது போதும். போர்வையின் ஓரப்பட்டையில் இரண்டு வரிசைப் புள்ளி வைத்து, நீளவாக்கில் ஒற்றைப்படையாக எண்ணிக்கை வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் பட்டை முழுவதும் ஒரே ஓட்டம். மயக்கமே வந்துவிடும், அவ்வளவு அழகாக இருக்கும்.

கையால் தைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் தையல் மேல் தையல் விழுந்தால் முடிச்சுப் போல முண்டிக்கொண்டு நிற்கும். வெட்டுமிடம் வருவதற்கு இரண்டு தையல் முன்பே அளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, சரியாக அந்த இடத்தில் நூல் துணிக்கு அடியில் போகும்படி விடுங்கள். ஜப்பானில் சாஷிகோ என்று ஓட்டுத்தையலிலேயே ஒரு கலை வைத்திருக்கிறார்கள், அவர்களும் வெட்டுமிடத்தைக் காலியாகத்தான் விடுவார்கள். புள்ளிகளைச் சும்மா விட வேண்டாம் என்று தோன்றினால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் பழகிவிட்டு நிஜப் போர்வையில் கை வைக்கலாம்? நான் பிளவுஸ்கூடத் தைத்ததில்லை.
– வாசகி, பாபநாசம்

நாள் கணக்கு சொல்ல மாட்டேன், நோட்டுக் கணக்கு சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் எடுத்து அடுப்படி மேடையில் வையுங்கள். பால் பொங்குகிற நேரம், குக்கர் மூன்றாவது விசில் விடுகிற நேரம், இதுவே போதும். தேர்ந்தெடுத்த டிசைனைப் பென்சிலை எடுக்காமல் பக்கம் முழுக்க ஓட்டுங்கள். முதல் ஐந்து பக்கம் கோணலாக வரும், பரவாயில்லை. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்பீர்கள் பாருங்கள், அந்த இடங்களைத்தான் கை மனப்பாடம் செய்ய வேண்டும். துணியில் மாட்டிக்கொண்டால் நூலை அறுக்க வேண்டியிருக்கும், நோட்டில் பக்கத்தைத் திருப்பினால் போதும்.

மிஷினில் தைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பென்சில் நிற்கும், காகிதம் நகரும். அதனால் கடைசி பத்துப் பக்கத்துக்குப் பென்சிலை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, நோட்டை மட்டும் நகர்த்தி வரைந்து பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் மிஷினில் உட்காரும்போது புரியும்.

அப்புறம் துணி. போர்வைக்கு எடுத்த அதே புடவைத் துண்டு, அதே பஞ்சு, அதே அடித்துணி, அதே நூல். ஒரு முழச் சதுரத்தில் மூன்றையும் அடுக்கி ஓரத்தில் பின் குத்திக்கொள்ளுங்கள். பழையதாக ஒரு தலையணை உறை கிடக்கிறதே என்று வேறு துணியில் பழகாதீர்கள், வாயில் (voile) என்கிற மெல்லிய துணி நகர்கிற மாதிரி காடா நகராது.

கைத்தையலுக்கு ஊசி சின்னதாக, குட்டையாக இருக்கட்டும், நீள ஊசி வளைந்துவிடும். எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், அதில் இரண்டு இழையை மட்டும் பிரித்து, மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது. ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். இடது கை போர்வைக்கு அடியில் இருக்கட்டும், நடுவிரல் நுனியில் ஊசிமுனை லேசாகச் சுருக்கென்று தட்டுகிற நொடியில் நிறுத்தி, விரலால் துணியை மேலே தூக்கிக் கொடுத்து ஊசியைப் படுக்கவைத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்தச் சுருக்கு தட்டவில்லையென்றால் அடித்துணி பிடிபடவில்லை என்று அர்த்தம். மேலே அழகாகத் தெரியும், திருப்பிப் பார்த்தால் கீழே தையலே இருக்காது. விரலுக்கு இரண்டு நாள் வலிக்கும், பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம்.

தேர்ந்த கைகள் அங்குலத்துக்குப் பத்துத் தையலுக்கு மேல் போடும். உங்களுக்கு ஐந்து போதும். சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்குப் படும்.

முடித்த பழகுதுண்டை மடித்து வைக்காமல் வாளியில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்துப் பாருங்கள். சிவப்பு சாயம் விடுகிறதா, பஞ்சு நகர்ந்ததா, பருத்தி எவ்வளவு சுருங்கியது, போட்ட கோடு போனதா எல்லாம் அந்த ஒரு முழத்தில் தெரிந்துவிடும். என் முதல் துண்டு இன்னும் அடுப்படியில் பிடிதுணியாக உழைக்கிறது.

டிசைனைத் துணியில் வரைய எது நல்லது? அழிகிற பேனா என்று ஒன்று வாங்கினேன், பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அழிகிற நீலப் பேனாவில் வரைந்துவிட்டு, சுருக்கமாக இருக்கிறதே என்று மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினேன். கோடு துணியோடு வெந்து ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் இருக்கிறது. நீலப் பேனா என்றால் தண்ணீர் முதலில், சூடு கடைசியில்.

சூடு பட்டால் மறைகிற பேனா வேறு ரகம். அதில் கோடு அழிவதில்லை, நிறம்தான் போகிறது. கடுங்குளிரில் திரும்பி வரும். நம் ஊர் மார்கழிப் பனி அதற்குப் போதாது, ஆனால் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு துண்டை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தேன், காலையில் பேயாட்டம் மொத்தக் கோலமும் எழுந்து நிற்கிறது. போர்வையை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அந்தப் பேனா வேண்டாம்.

கருப்பு, ஊதா, அரக்கு மாதிரி அடர்நிறத் துணிக்கு குளியல் சோப்பின் தேய்ந்த மெல்லிய துண்டை நிழலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள், டெய்லர் சாக்கைவிடக் கூர்மையாகக் கோடு விழும், துவைத்தால் போய்விடும். நேர்க்கோட்டுக்கு எதையும் வரையவே வேண்டாம், மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரத்தோடு தைத்துவிட்டு உடனே உரித்துவிடுங்கள் (ராத்திரி முழுக்க விட்டால் பசை தங்கிவிடும்).

ஒரே டிசைன் பல தடவை வர வேண்டும் என்றால் ஆரி வேலைக்காரர்கள் செய்வது போல டிரேசிங் பேப்பரில் வரைந்து ஊசியால் குத்திக் குத்தித் துளை போட்டு, மேலே பொடியைத் தேய்த்தால் கீழே புள்ளி புள்ளியாக விழும். அவர்கள் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்ப்பார்கள், போர்வைக்கு அந்த நாற்றம் வேண்டாம், சாக்பீஸ் தூளைப் பஞ்சில் தொட்டுத் தட்டுங்கள். கோலமாவு இருக்கிறதே என்று அரிசிமாவைத் தட்டிவிடாதீர்கள். எறும்பு வரும். வந்தது.

எந்த டிசைன் பொருந்தும் என்று முடிவே ஆகவில்லை என்றால், சாப்பாட்டு மேசைக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு மீட்டர் வாங்கிப் போர்வை மேல் விரித்து, மார்க்கரால் அதன் மேல் வரைந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். ஷீட்டின் நாலு ஓரத்திலும் கலர் டேப் ஒட்டிக்கொள்வது முக்கியம், இல்லையென்றால் ஒரு தடவையாவது ஓரம் தாண்டி மார்க்கர் துணியில் இழுத்துவிடும்.

வீட்டில் இருப்பது காலால் மிதிக்கிற பழைய கருப்பு மிஷின். அதில் வளைவு டிசைன் வருமா? நேராகத் தைத்தாலே மேல்துணி தள்ளிக்கொண்டு போய் மடிப்பு விழுகிறது.
– வாசகி, குத்தாலம்

வரும். கால் மிதிக்கிற வேகம் நம் கையில், இல்லை காலில் இருப்பதால் கரண்ட் மிஷினைவிடப் பழக எளிது என்றுகூடச் சொல்வேன்.

மடிப்பு விழுவதற்குக் காரணம், அடியில் இருக்கிற பல் கீழ்த்துணியை இழுக்கிறது, மேலே இருக்கிற ஃபுட் மேல்துணியை அழுத்தித் தடுக்கிறது, நடுவில் பஞ்சு. ஃபுட் கம்பிக்கு உச்சியில் ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். தையலைக் கொஞ்சம் நீளமாக்குங்கள், ஊசி 14-ம் நம்பர், புதிதாக. வாக்கிங் ஃபுட் என்று மேலேயும் பல் வைத்த ஃபுட் கிடைக்கிறது, உங்கள் மிஷினுக்குப் பொருந்துமா என்று பழைய ஃபுட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

வளைவுக்கு நேரெதிர். பல் வேலை செய்யக் கூடாது, துணியை நாம்தான் நகர்த்த வேண்டும். பல்லை இறக்குகிற வசதி இல்லாவிட்டால் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஊசி இறங்க ஓட்டை போட்டு, பல்லின் மேல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். எம்ப்ராய்டரி ஃபுட் மாட்டிக்கொள்ளுங்கள். கால் ஒரே சீராக, கை மெதுவாக. கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, அடுத்து போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும், சைக்கிள் ஓட்டுவது மாதிரி. அடி நூல் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, தளர்த்துங்கள். கீழே நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் டென்ஷனை இறுக்குங்கள், அல்லது கை ஓடுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம்.

தாத்தாவின் இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து உள்ளே வைக்கலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

வேண்டாம். இலவம்பஞ்சு இழை குட்டை, வழுவழுப்பு, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. எந்த டிசைனில் தைத்தாலும் ஊசித் துளை வழியாகவே வெளியே வரும், தும்மல் நிற்காது. மெத்தையாகவே இருக்கட்டும். நம் பக்கத்துக் குளிருக்கு நடுவில் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றே போதும். துணி ஓடிப்போகாது என்பதால் தையல் இடைவெளியைக்கூட 5 அங்குலம் வரை விடலாம், ஃபேனுக்குக் கீழே போர்த்திக்கொள்ளவும் இதம்.

எங்கள் ஊர்க் கட்டம் போட்ட புடவைகள் நிறைய இருக்கின்றன. கட்டத்தின் மேல் என்ன டிசைன் எடுக்கும்? கல்யாணக் கூறைப் புடவையையும் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

கட்டமே டிசைன். நெசவாளர் உங்களுக்காகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் மூலைக்கு மூலை தைத்தால் சாய்சதுரம் வரும், கட்டங்களை எண்ணிப் படிக்கட்டு மாதிரி இறங்கினால் மின்னல் வரும். நிறம் மாறுகிற கோட்டின் மேலேயே தைக்காதீர்கள், நூல் அரை அங்குலம் விலகினாலும் காட்டிக்கொடுக்கும். குறுக்கே போனால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கூறைப் புடவை வேண்டாம் தாயே. பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது, சாதாரணப் பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் ஒன்று ஒரு மாதிரியும் மற்றது ஒரு மாதிரியும் சுருங்கும். அதோடு, கத்தரி வைக்க உங்களுக்கே மனசு வராது.

தேரில் தொங்குகிற தொம்பைத் துணி மாதிரி பூவை வெட்டி ஒட்டித் தைத்திருக்கிறேன். அதைச் சுற்றி எப்படித் தைப்பது?
– வாசகி, நன்னிலம்

பூவின் விளிம்பை ஒட்டினாற்போல ஒரு சுற்று. அரை அங்குலம் தள்ளி இன்னொரு சுற்று. குளத்தில் கல் போட்ட மாதிரி வெளியே வெளியே போய்க்கொண்டே இருங்கள், பக்கத்துப் பூவின் அலையோடு முட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பூ தானாக மேலே எழும்பி நிற்கும். பூவுக்குள்ளே இதழ் நரம்பு என்று தைத்து அமுக்கிவிடாதீர்கள், 3, 4 அங்குலத்துக்குள் இருக்கிற பூ என்றால் உள்ளே தையலே வேண்டாம்.

எங்கள் ஆத்தா பேரப்பிள்ளைகளுக்குப் பழைய புடவையை நாலாக மடித்துச் சும்மா ஓட்டுத்தையல் போட்டே விரிப்பு தைப்பார். அதெல்லாம் குவில்ட் கணக்கில் சேருமா?
– வாசகர், வேதாரண்யம்

சேராமல்? வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, கர்நாடகத்தில் கவுதி, மராட்டியத்தில் கோதடி என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்துக் கொண்டாடுவது ஆத்தா செய்த அதே வேலையைத்தான். காந்தாவில் நடுவில் பஞ்சே கிடையாது, பழைய புடவை மேல் பழைய புடவை, ஓட்டுத்தையல், அவ்வளவுதான். ஆத்தா தைத்தது ஒன்று வீட்டில் இருந்தால் திருப்பிப் போட்டு, கோட்டுக்குக் கோடு எவ்வளவு விட்டிருக்கிறார் என்று அளந்து பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

போர்வை முடிந்தது. ஆனால் இரண்டு சதுரத்தில் தையல் கோணல். பிரிக்கட்டுமா, விடட்டுமா? பேத்திக்குக் கொடுக்க வேண்டும்.
– வாசகி, பட்டுக்கோட்டை

திருப்பிப் போட்டு அடித்துணியைப் பாருங்கள். அங்கே துணி மடிந்து தையலுக்குள் சிக்கியிருந்தால் பிரித்தே ஆக வேண்டும், துவைக்கத் துவைக்க அந்த மடிப்பு கிழியும். பிரிப்பதற்கு ஒவ்வொரு தையலாகத் தோண்டாதீர்கள். மிஷின் தையல் என்றால் அடிப்பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றை வெட்டிக்கொண்டே போய், மேல்பக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். ஊசித் துளைகள் தெரிந்தால் துவைத்ததும் மூடிக்கொள்ளும்.

மடிப்பு இல்லை, கோடு மட்டும்தான் கோணல் என்றால் தொடாதீர்கள். ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள், பருத்தி சுருங்கிப் புஸ்ஸென்று ஆன பிறகு எந்த இரண்டு சதுரம் என்று நீங்களே தேட வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் டேக்கிங்குக்குக் குத்திய பின்-ஊசி எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று போர்வை முழுக்க உள்ளங்கையால் இரண்டு பக்கமும் அழுத்தித் தடவிப் பாருங்கள். நான் அப்படித் தடவியதில் ஒருமுறை இரண்டு கிடைத்தன.